கண்மாய்க் கரை ரோட்டில் நடந்த பந்தயம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும்.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். மாசியில் கோயில் பொங்கலுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் நடத்துவோம். பழைய ரோட்டில் ஒரு வருடம் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, மாட்டின் கால் ஒடிந்துபோனது. அதனால் அடுத்த வருடம் வேறு ரோடு பார்க்கக் கோயிலில் கூடினோம். பருத்திக் காடுகளுக்கு நடுவே போகும் மண் ரோடு ஒன்று. கண்மாய்க் கரையில் புதிதாகப் போட்ட தார் ரோடு ஒன்று.

"தார் ரோடு வழுவழுன்னு கெடக்கு. வேற பேச்சு எதுக்கு?" என்றார் விதைக்கடை வைத்திருக்கும் விழாக் கமிட்டித் தலைவர்.

என்னிடமும் ஒரு ஜோடி இருந்தது. இரண்டு வருடமாக இரண்டாவதாகவே வந்தது. வலது மாட்டுக்கு வயதாகிவிட்டது. அதற்கு அதுதான் கடைசி ஓட்டம், அதில் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தேன்.

ஆனால் மூச்சுப் பிடிக்கப் பழக்குவதற்காக, எங்கள் ஊர்ப் பந்தய மாடுகள் நான்கு ஜோடியையும் தினமும் காலையில் அந்தக் கரை வழியாக ஓட்டிப்போய், பாதியில் உள்ள சரிவில் இறக்கி நீந்த விடுவோம். பந்தயத்தன்று மாடு அந்தச் சரிவில் இறங்காமல் நேரே தாண்டிப் போகுமா? கேட்க எழுந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏலே, எந்திரிச்சிட்டேல்ல, சொல்லு" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். அவனும் வண்டிக்காரன்.

"ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்கப் போறேன்" என்று வெளியே வந்துவிட்டேன். கண்மாய்க் கரை ரோடு என்றே முடிவானது.

பந்தயத்தில் என் வண்டிதான் முன்னால் போனது. சரிவு வந்ததும் மாடுகள் இடது பக்கம் திரும்பின. கயிற்றை இழுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. நேரே தண்ணீரில் இறங்கி, வயிறு நனைய நின்றன. பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரன் வண்டியும், மற்ற இரண்டு ஊர் வண்டிகளும் வந்து இறங்கின. எங்கள் கண்மாயையே பார்த்திராத, நரிக்குடியிலிருந்து பந்தயத்துக்கு வந்த மாடுகள் நேராகப் போய், ரோட்டுக் கோடியில் நட்டிருந்த கொடியைச் சுற்றித் திரும்பி ஜெயித்தன.

"சோப்பு வேணுமாப்பா?" என்று கரையிலிருந்து ஒருவர் கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்தான். "அன்னைக்கு இதச் சொல்லத்தான் எந்திரிச்சியா?"

"ஆமா."

"நல்லா குடிச்ச போ, தண்ணி."

வலது மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்துவிட்டேன். அது நீந்திவிட்டுத் தானாகக் கரையேறியது. அதன்பின் அதை வண்டியில் பூட்டவில்லை.

இந்த வருடக் கூட்டத்தில் எழுந்து, "மண் ரோட்டுல ஓட்டுவோம். குண்டு குழிய நானே மூடித் தாரேன்" என்றேன். இந்தத் தடவை சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தேன். தலைவர் சரி என்றார். ஓட்ட எனக்கு ஜோடி இல்லை. நேற்றிலிருந்து மண்வெட்டியோடு அந்த ரோட்டில் இருக்கிறேன், இன்னும் பாதி பாக்கி.

தை பதினெட்டு.