நான்கு வரியில் ஒரு நாடு

லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி பதினொரு வருடம் நான் உலக நாடுகளின் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு ஏதோ பெரிய அதிகாரம் போல இருக்கும். வேலை என்னவோ சின்னதுதான். ஒரு சர்வதேச அமைப்பின் வரவுசெலவுக் குழு ஐரோப்பாவில் காலையில் கூடும். கல்கத்தாவில் அப்போது மதியம் ஒன்றரை மணி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் என்ன பேசினார்கள் என்பதைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். கூட்டத்தின் அதிகாரபூர்வமான பதிவு அதுதான். வணக்கம், சிரிப்பு, கோபம் எதற்கும் அதில் இடம் கிடையாது. பத்து நிமிடப் பேச்சு நான்கு வரிக்குள் அடங்க வேண்டும்.

வளரும் நாடுகளின் பேச்சைச் சுருக்குவது வெகு சுலபம். முதலில் அவர்களுடைய கூட்டணியின் சார்பில் ஒருவர் பேசுவார். பிறகு ஒவ்வொரு நாடாக எழுந்து, கூட்டணியின் கருத்தே எங்கள் கருத்து என்று ஆரம்பிக்கும். அதோடு உட்கார்ந்துவிடலாம் இல்லையா? மாட்டார்கள். அதே கருத்தை முதலிலிருந்து சொல்வார்கள். எங்கள் தெரு துர்கா பூஜை கமிட்டியும் இப்படித்தான். பந்தல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. ஆனாலும் ஒவ்வொருவரும் அதைத் தன் வாயால் ஒரு தடவை சொன்னால்தான் கூட்டம் கலையும்.

கடைசி இரண்டு வருடமாக எல்லாப் பேச்சும் சீர்திருத்தத்தைப் பற்றித்தான். அமைப்பின் கையில் காசில்லை. அதிகம் கட்டும் நாடுகள், இத்தனை காலமாகச் சேர்ந்துபோன பொறுப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்து வேண்டாததைக் கழித்துவிடலாம் என்றன. வளரும் நாடுகள் விடவில்லை. சிலர் சந்தாவை நேரத்துக்குக் கட்டாததால் வந்த தட்டுப்பாட்டுக்கு எங்கள் திட்டங்களை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டன. எல்லோரும் சேர்ந்து கொடுத்த பொறுப்பை எல்லோரும் சேர்ந்துதான் எடுக்க முடியும், அமைப்பின் தலைமை அலுவலகம் தானாகக் கத்தரிக்கோலைத் தூக்கக் கூடாது, தூக்கினால் முதலில் மாட்டுவது வளர்ச்சிப் பணிதான் என்றன. நியாயமான பேச்சுதான். ஆனால் யாரும் பிரித்தே பார்க்காத ஒரு வருடாந்தர அறிக்கையை நிறுத்தலாமா என்று கேட்டாலும் அதே முழக்கம் ஒரு வரி குறையாமல் வரும்.

என் கணவர் திருநெல்வேலிக்காரர். அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு அதிகாரி. லீவில் இருந்த ஒரு நாள், ஹெட்போனைக் கழற்றச் சொல்லிவிட்டுத் தானும் அரை மணி நேரம் கேட்டார்.

"ஏளா, என்ன இது, சொன்னதையே சொல்லுதாங்க?"

"பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா ஆயிரும்லா."

"துட்டு குடுக்கவன் கேள்வி கேக்கத்தான செய்வான்."

"ஒழுங்கா குடுத்திருந்தா இந்தக் கூட்டமே கெடையாது. அது இருக்கட்டும், ஜன்னல் கொக்கிய மாத்துங்கன்னு சொன்னேனே, அது எந்த வருசம் குடுத்த பொறுப்பு?"

அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அந்தக் குழுவில் ஒரு சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதி இருந்தார். தன் ஊர்க் கடலில் ஆரம்பித்து, காற்று, மழை எல்லாம் சுற்றிவிட்டுத்தான் வரவுசெலவுக்கு வருவார். தலைவர் மணியடித்தாலும் நிறுத்தமாட்டார். நல்ல மனிதர், ஆனால் சுருக்க வேண்டியவளுக்குத்தானே கஷ்டம் தெரியும். கடலையும் காற்றையும் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை எழுதுவேன். ஒரு தடவைகூட அவரை நான்கு வரிக்கு மேல் விட்டதில்லை.

ஒரு நாள் எனக்கு மெயில் வந்தது. அவசரச் சிக்கனமாம். எழுத்துப் பதிவை உடனே நிறுத்துகிறார்களாம், இனி வீடியோவே போதுமாம், குழு அடுத்த வாரம் கூடி இதற்கு ஒப்புதல் தரும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனையோ திட்டம் வெட்டுப்பட்டதை ஊர்க்கதை மாதிரி எழுதித் தள்ளியவள் நான். என் வேலை வெட்டுப்பட்டதும் வளரும் நாடுகள் சொன்னது அத்தனையும் சத்தியவாக்காகத் தெரிந்தது.

ஒப்புதல் கூட்டத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மேஜையில் பட்டாணி உரித்தபடி நானும் பார்த்தேன். கூட்டணி இதை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் என்று நம்பியிருந்தேன். அவர்களுடைய பிரதிநிதி வெட்டுகளை ஒவ்வொன்றாக எதிர்த்துவிட்டு, எழுத்துப் பதிவைக் கடைசியில் அரை வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். அடுத்துப் பேசிய நாடுகள் அந்த அரை வாக்கியத்தையும் விட்டுவிட்டன. அத்தனை நீட்டி முழக்குகிறவர்கள் என் விஷயத்தில் மட்டும் இவ்வளவு சிக்கனமாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு தீவுக்காரர் எழுந்தார். அன்றைக்குக் கடல் வரவில்லை. நேராக விஷயத்துக்கே வந்தார்.

"பெரிய நாடுகளுக்கு ஒவ்வொரு அறையிலும் நான்கு பேர் இருக்கிறார்கள். என் நாட்டுக்கு இங்கே நான் ஒருவன்தான். இந்த அறையில் இருந்தால் பக்கத்து அறையில் இல்லை. அங்கே நடந்ததை அந்தக் காகிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆறு மணி நேர வீடியோவைப் பார்க்க எனக்கு இன்னொரு ஆறு மணி நேரத்தை யார் தருவார்கள்? இந்த முடிவை என் நாடு எதிர்க்கிறது. அது பதிவாக வேண்டும்."

"பதிவாகும்" என்றார் தலைவர். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

எழுத ஆளில்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவர் உட்கார்ந்துவிட்டார். என்னைப் போன்றவர்கள் எழுதி அனுப்பியதை ஒரு மனிதர் காத்திருந்து படித்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பட்டாணியைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பேசியதை வழக்கம்போல நான்கு வரியில் எழுதினேன். அவருடைய அலுவலக முகவரி இணையத்தில் கிடைத்தது. இது அதிகாரபூர்வமானதல்ல, பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன் என்று ஒரு குறிப்புச் சேர்த்து அனுப்பினேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்ற சபலம் இருந்ததை மறைப்பானேன்.

மறுநாள் பதில் வந்தது. வரைவைப் படித்துவிட்டுத் திருத்தம் கேட்கும் உரிமை பிரதிநிதிகளுக்கு எப்போதும் உண்டு. அந்த முறைப்படியே எழுதியிருந்தார்.

"வரைவு கிடைத்தது. மூன்றாம் வரியில் 'கவலை தெரிவித்தார்' என்று இருக்கிறது. நான் கவலை தெரிவிக்கவில்லை, எதிர்த்தேன். திருத்தவும். பக்கத்து அறைக் கூட்டத்தின் பதிவு இன்னும் எனக்கு வந்து சேரவில்லை."

மூன்றாம் வரியைத் திருத்தி அனுப்பினேன். பிறகு பக்கத்து அறையின் வீடியோவைத் தேடித் திறந்தேன். ஐந்து மணி நாற்பது நிமிடம் என்று காட்டியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.