எஃப் என்ற எழுத்து

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே விமானி உரிம விண்ணப்பத்திலும் எழுத வேண்டும் என்பது விதி. துறைமுக அலுவலகத்தில் இருந்தபோது, இதுபோன்ற விதிகளைச் சொல்லி எத்தனையோ பேரின் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா விமானப் பயிற்சியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். சான்றிதழில் ‘எஃப். ஸ்டெல்லா’ என்றிருந்தது. முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்னது படிவம். லாஞ்சுப் படகு ஓட்டும் அவள் அப்பாவைத் தெருவே லாஞ்சுக்காரர் என்றுதான் சொல்லும்; அவர் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு ஒரே குடும்பப் பெயர் இருக்கும் எங்கள் கடற்கரையில் எஃப் என்றால் வேறென்ன? ‘பெர்னாண்டோ’ என்று எழுதினேன்.

ஆசிரியரோடு பறந்துவிட்டு வந்தால், “மேலருந்து பாத்தா உப்பளம் உங்க கட்டம்போட்ட சாரம் மாதிரியே இருக்கு மாமா” என்று என் லுங்கியைக் காட்டிச் சிரிப்பாள்.

முதன்முறை தனியாகப் பறக்க வேண்டிய வாரத்தில், மற்ற ஆவணங்களோடு பெயர் பொருந்தவில்லை என்று அவளை நிறுத்திவிட்டார்கள்.

“எஃப்னா பிரான்சிஸு. எங்கப்பா பேரு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மாமா?”

யாரிடமும் கேட்காமல் எழுதுவதைத்தான் அதுவரை என் திறமை என்று நினைத்திருந்தேன்.

திருத்தம் கேட்டு மனுவும் நினைவூட்டல்களும் அனுப்பினேன், ஒரு பிழையும் இல்லாமல். பயிற்சிப் பள்ளி அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தது. அவள் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பெயர் திருத்தப்பட்டது என்ற பதில், அதற்கும் இரண்டு மாதம் கழித்து, மாதா கோவில் கொடியேற்றத்தன்று வந்தது.