ஸ்டோர் அக்கா ஆயில் மாற்றிய கதை

எங்கள் கம்பெனிக்கு மூன்று யார்டு, அதாவது பணிமனை. எங்கள் யார்டில் முப்பத்தொரு பேர் வேலை பார்க்கிறோம். அதில் பத்துப் பேருக்காவது ஸ்டோர் அக்காவைவிட வயது அதிகம். மேனேஜரே அவரைவிட நான்கு வயது மூத்தவர். இருந்தும் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஒருநாள் ஆயில் விற்க வந்த ஒருவர் "மேடம்" என்று ஆரம்பித்தார். ஐந்தாவது நிமிடத்தில் அவரும் 'அக்கா' என்பதற்கு வந்துவிட்டார்.

அந்த ஐந்து நிமிடமும் நான் கவுண்டரில்தான் நின்றிருந்தேன். வந்தவர் பளபளவென்று ஒரு டின்னை எடுத்து வைத்து, "டூ ஸ்ட்ரோக் ஆயில் மேடம், இதுக்கு மேல ஒண்ணு கிடையாது" என்றார். அக்கா நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி, டின்னைத் திருப்பி, அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததைப் படித்தார்.

"இது எந்த இன்ஜினுக்கு?"

"எல்லாத்துக்கும் போடலாம் மேடம்."

"படகு இன்ஜினுக்குன்னுல்ல போட்டிருக்கு. படகு இன்ஜினைச் சுத்தித் தண்ணி ஓடும், அது பாட்டுக்குக் குளுகுளுன்னு இருக்கும். என் மிஷினுக்குக் காத்து மட்டும்தான். உச்சி வெயில்ல முழு வேகத்துல ஓடி அடுப்பு மாதிரி காயும். அந்தச் சூட்டுக்கு இது தாங்குமா?"

அவர் அசடு வழிந்தார். "ஆயில்னா ஆயில்தானே அக்கா?"

"தலைக்குத் தேய்க்கிறதும் ஆயில்தான் தம்பி. அதையும் ஊத்திரலாமா?"

டின் வந்த வழியே பைக்குள் போனது.

மரம் வெட்டுவதும் கிளை கழிப்பதும் எங்கள் தொழில். செயின்சா, புல் வெட்டும் மிஷின், வேலி கத்தரிக்கும் மிஷின் எல்லாமே டூ ஸ்ட்ரோக்தான். இந்த இன்ஜின்களில் ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓடும். கலக்காமல் ஊற்றினால் உலோகமும் உலோகமும் உரசி, பத்தே நிமிடத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அதை 'சீஸ் ஆயிருச்சு' என்போம். சீஸ் ஆன இன்ஜினை எடைக்குத்தான் போட வேண்டும்.

அக்கா இங்கே வருவதற்கு முன் பதினொரு வருடம் ஒரு மருந்துக் கடையில் இருந்தவர். அந்தக் கடையை மூடியதும், ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தார். செயின்சாவை அதுவரை அவர் கண்ணால் கண்டதில்லை. பயந்து ஓடட்டும் என்று முதல் நாளே நாங்கள் மூன்று பேர் அவர் எதிரில் மிஷினை அலறவிட்டோம். அவர் காதைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றார். நிறுத்தியதும், "இதுக்குக் குடிக்க என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டார். எங்களில் ஒருவனுக்கும் சரியான பதில் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு அளவு சொன்னோம்.

மறுநாளே ஸ்டோர் கவுண்டரில் மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளை ஒன்று வந்து உட்கார்ந்தது. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு நூறு மில்லி ஆயில். ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இது எனக்கு ஆகவே ஆகாது. நான் கண் மதிப்பில் ஊற்றுகிறவன். அதிலும் மிஷின் நமக்காக உழைக்கிறதே என்று ஒரு கை கூடவே விடுவேன். அதனால்தான் எனக்குத் 'தாராளம்' என்று பெயர். பெயரை வைத்தவரே அக்காதான்.

"தாராளம், பிள்ளைக்குப் பாசத்துல ரெண்டு கரண்டி மருந்து கூடக் குடுப்பியா?" என்பார். நானும் விடமாட்டேன். "மிஷினைப் பத்தி எனக்கு வகுப்பு எடுக்காதீங்க" என்று கத்துவேன். நான் தாராளம் காட்டிய இரண்டு மிஷின்கள் ஒரே மாதத்தில் புகைபோக்கி முழுக்கக் கரி அடைத்து நின்றபோது எனக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சூப்பர்வைசரை நடுரோட்டில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டியதற்கு இரண்டாவது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அதோடு கலக்கும் வேலையையே எங்களிடமிருந்து பிடுங்கி, அக்கா தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்கள். ஜெனரேட்டருக்கு ஊற்றும் வெறும் பெட்ரோலும் அதே மாதிரிக் கேனில்தான் வேனில் வரும். மேலே எழுதி வைத்தால் பெட்ரோல் பட்டு அழிந்துவிடும். எங்கள் ஆயில் சிவப்பு. அதனால் அக்கா ஒரே ஒரு விதி வைத்தார்: கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார், சிவப்பாக இருந்தால் மிஷினுக்கு ஊற்று. பத்து வருடம் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். கேனைத் தூக்கிப் பார்ப்பது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

பிறகுதான் அக்காவுக்கு ஆயிலை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. காரணம், எங்களில் மரம் ஏறுகிற 'ஏணி'. கம்பி மாதிரி உடம்பு. கிளைக்கு நடுவில் தொங்கிக்கொண்டு அறுக்கும்போது புகை முழுக்க அவன் முகத்தில்தான் அடிக்கும். மாலையில் கேனைத் திருப்பிக் கொடுக்க வந்து கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு இருமுவான். நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். அக்கா பழகவில்லை.

நான்கு கம்பெனி ஆயில் வரவழைத்தார். ஒரே மாதிரி நான்கு பழைய மிஷினில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயிலைக் கலந்து கொடுத்தார். அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். அவரிடமிருந்து வெள்ளைச் சட்டைத் துணித் துண்டுகளை வாங்கி வந்து, வாரம் ஒருமுறை ஒவ்வொரு மிஷினின் புகைக்கும் எதிரில் சரியாக ஐந்து நிமிடம் பிடிப்பார். பிறகு தேதி எழுதி ஸ்டோருக்குள் கொடி கட்டிக் காயப் போடுவார். "என் பொண்டாட்டி மட்டும்தான் வெளுத்த துணியை அழுக்காக்கிக் கொடியில போடுறா" என்று அவர் வீட்டுக்காரர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, பிஸ்டனையும் பார்த்துவிட்டு, ஒரு பச்சை நிற ஆயிலைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் துணி மட்டும் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது.

எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "திங்கட்கிழமையிலிருந்து பச்சை. பச்சையா இருந்தாத்தான் ஊத்தணும்." ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். நான் பக்கத்தில் நின்றவனோடு பந்தயப் பேச்சில் இருந்தேன். "சரிக்கா, சரிக்கா" என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

பச்சைக்கு மாறி ஒன்பது நாள் கழித்து ஒரு காற்று மழை. பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. நீளமான பிளேடு போட்ட பெரிய மிஷின் கம்பெனிக்கே ஒன்றுதான். அதை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். வானம் மூடிக் கிடந்தது. வேனுக்குள் இருட்டு. கேனைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினேன். லேசாகச் செம்மஞ்சள் அடித்தது. என் கண்ணுக்கு அது போதும். ஊற்றினேன்.

ஏழெட்டு நிமிடம் ராஜா மாதிரி ஓடியது. பிறகு சத்தம் திடீரென்று கூர்மையாக ஏறியது. ஏறிய வேகத்தில் நின்றது. கயிற்றை இழுத்தேன், வரவில்லை. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். அசையவே இல்லை.

சாயங்காலம் மேனேஜர் அறையில் மெக்கானிக் பிஸ்டனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சுற்றிலும் நகத்தால் பிறாண்டியது போல் கீறல். "இது ஒரு சொட்டு ஆயிலைக்கூடப் பாக்கல சார்" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"ஸ்டோர்ல குடுத்ததை ஊத்தாம, வழியில பங்க்ல வெறும் பெட்ரோல் போட்டு ஊத்தியிருக்க. அப்படித்தானே?"

"சத்தியமா இல்ல சார். வேன்ல இருந்த கேன்தான். தூக்கிப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன். சிவப்பாத்தான் இருந்துச்சு."

மேனேஜர் மேசையைத் தட்டினார். "வாயத் தொறந்தா பொய்! சிவப்பா இருந்தா ஆயில் இருக்குன்னுதானே அர்த்தம்? அப்புறம் எப்படிய்யா சீஸ் ஆகும்?"

மூலையில் நின்றிருந்த அக்கா அப்போதுதான் பேசினார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சார், நாம பச்சைக்கு மாறி ஒன்பது நாள் ஆச்சு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்து, வேறு நாளாக இருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவர் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டு, "அந்தத் தாளைக் கொண்டாங்க" என்றார். தாள் வந்தது. என் கிறுக்கல் பளிச்சென்று இருந்தது.

"இவன் கையெழுத்துதானே? தெரிஞ்சே வெறும் பெட்ரோலை ஊத்தியிருக்கான். மூணாவது கடிதத்தை இப்பவே எழுதறேன்."

"கையெழுத்து அவன்தான் போட்டான் சார். தப்பு என்னுது" என்றார் அக்கா.

"என்ன பேசறீங்க?"

"பத்து வருஷமா சிவப்பைத் தேடுன்னு இவங்க கண்ணை நாந்தான் பழக்கினேன். ஒரு தாளை நீட்டி ஒரே நாள்ல பச்சையைத் தேடுன்னா எப்படித் தேடும்? உங்க வாயே இப்பச் சிவப்புன்னுதானே சொல்லுச்சு? மருந்துக் கடையில ஒரு மருந்து கலர் மாறினா, அந்தக் கலரை மாதிரி இருக்கிற எல்லாத்தையும் முதல்ல அலமாரியை விட்டு நகர்த்துவோம். அப்புறம்தான் புதுசை வைப்போம். இங்க வெறும் பெட்ரோலே லேசாச் செம்மஞ்சளாத்தான் இருக்கும், அதை முதல்ல வேற டின்னுக்கு மாத்தியிருக்கணும். நான் ஆயிலைப் பாத்தேன், புகையைப் பாத்தேன், பிஸ்டனைப் பாத்தேன். ஊத்துற ஆளோட கண்ணைப் பாக்கல. கடிதத்தை என் பேருக்குப் போடுங்க."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது. "அக்கா, மூணு யார்டுக்கும் சேர்த்து வைக்கிற பெரிய ஸ்டோரைப் பாத்துக்க உங்க பேரைத்தான் மேல அனுப்பியிருக்கேன். அடுத்த வாரம் உத்தரவு வரும். இப்ப உங்க பேருல ஒரு கடிதம் இருந்தா அதோட முடிஞ்சது."

"தெரியும் சார். எழுதுங்க."

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். 'அக்கா சொன்னாங்க சார், நான்தான் காதுல வாங்கல' என்று ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், வாடகை, மாமனாருக்கு மாத்திரை எல்லாம் அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டன. ஊரையே திட்டித் தீர்க்கிற என் வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது. பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதைவிட வெட்கமான இரண்டு நிமிடம் என் வாழ்க்கையில் கிடையாது.

பெரிய ஸ்டோருக்கு வேறு யார்டிலிருந்து ஒருவர் வந்தார். பொருள் எது எங்கே என்று அவருக்கு நான்கு நாள் கூடவே நடந்து சொல்லிக் கொடுத்தவரும் அக்காதான். பச்சை ஆயிலை அவர் கைவிடவில்லை. ஏணியின் மூச்சு அதில் இருக்கிறது என்றார். வெறும் பெட்ரோல் மட்டும் உருண்டையான இரும்பு டின்னுக்கு மாறியது. கண் பழகும்வரை, காலையில் கேன் வாங்குகிற ஒவ்வொருவனும் அதைத் தூக்கிப் பார்த்து நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கேன் கைக்கு வரும்.

நான் பத்து நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே நிறத்தைச் சொல்லி வாங்கிப் போனேன். பதினோராவது நாள் தாங்க முடியாமல் எல்லோருக்கும் முன்னால் வரிசையில் முதலாக வந்து நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நான் பேசியிருக்கணும். நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல. கோழை மாதிரி நின்னுட்டேன்."

அக்கா அளந்துகொண்டிருந்த குவளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூறு மில்லிக் கோட்டைத் தொட்டதும்தான் நிமிர்ந்தார்.

"நீ பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்? உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டு விஷயத்தை முடிச்சிருப்பாங்க. இந்த டின் மாறியிருக்காது. நீ தரையில நின்னு அறுத்த, மிஷின் செத்துது, இறக்கி வச்சிட்ட. அதே கேனை ஏணி எடுத்துட்டு மேல ஏறியிருந்தா? பாதி அறுத்த கிளைக்கு நடுவுல அவன் தொங்கிட்டு இருக்கும்போது மிஷின் நின்னிருந்தா? பெரிய ஸ்டோர் நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான் அதைக் கேக்கணுமா?"

அக்கா குவளையைக் கவுண்டரில் வைத்தார்.

"உன் வாழ்க்கையிலயே நீ வாய மூடிக்கிட்டு நின்னது அன்னைக்கு ஒரு நாள்தான்டா தாராளம். உருப்படியா செஞ்ச வேலையும் அது ஒண்ணுதான். அதுக்குப் போய் மன்னிப்புக் கேக்கறியா?"

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அக்கா கேனை என் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"என்ன நிறம்?"

கண் நீரில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வழக்கப்படி பச்சை என்று சொல்லியிருக்கலாம். "ஒரு நிமிஷம்க்கா, சரியா பாத்துச் சொல்றேன்" என்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். எனக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள். அவர் கேனை இறக்காமல் காத்திருந்தார்.