ஜன்னல் பக்கம் நின்ற குரல்

ஒரகடத்தில் கார்களுக்கு ஒலி அமைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் என் பயிற்சிக் காலம் முடியவிருந்த மாதம் அது. வேலை நிரந்தரமாக ஒரே நிபந்தனை: ஒரு வண்டியின் ஒலியை நானே தனியாக அமைத்து, கேட்டு, சரி என்று ஒப்புதல் தர வேண்டும். கருவி என்ன அளந்தாலும் கடைசி வார்த்தை காதுடையது.

மனிதக் குரலை ஒரே ஸ்பீக்கர் முழுதாகத் தருவதில்லை. கனமான பகுதி கதவின் அடியில் இருக்கும் பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். கூர்மையான பகுதி கண்ணாடியோரம் உள்ள சின்ன டுவீட்டருக்கு. எந்த அதிர்வெண்ணில் பிரிப்பது என்பதுதான் கிராஸ்ஓவர். சரியாக வைத்தால், தையலே தெரியாமல், டேஷ்போர்டின் நடுவில் ஒருவர் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

சோதனைக்கு என் குரலையே பதிவு செய்திருந்தேன். சீப்பு, சோப்பு, சேலை, செருப்பு என்று ஹாஸ்டல் அறைச் சாமான்களின் பட்டியல். 'ச' ஓசை டுவீட்டரின் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தி, பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். டேஷ்போர்டிலிருந்து நான் பேசினேன். 'ச' மட்டும் அங்கிருந்து வரவில்லை. வலப்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்று, என்னோடு ஒரே மூச்சில், வேறொருத்தி அதை மட்டும் சொன்னாள்.

கிராஸ்ஓவரை மூவாயிரம் ஹெர்ட்ஸிலிருந்து இறக்கினேன். பிறகு ஏற்றினேன். பிரிக்கும் இடம் நகர்ந்தால் கிழிசலும் நகர வேண்டும். நகரவில்லை. அவள் அதே ஓசைகளையே எடுத்துக்கொண்டாள். மைக்கில் அளந்து பார்த்தால் திரையில் கோடு சீராக இருந்தது.

கூட வேலை செய்யும் மண்ணூர் அக்காவைக் கூப்பிட்டு என் இடத்தில் உட்காரச் சொன்னேன்.

"நடுவுலதானே கீது? இன்னாமா, உன் குரலுக்கே பயந்துக்கினியா?"

"ஜன்னல் பக்கம் ஒண்ணும் கேக்கலையாக்கா?"

"ஒரு கொசு கீது. அதுவும் பேசல."

அவர் பின் இருக்கைக்குப் போனார். நான் ஓட்டுநர் இருக்கையில் மண்டியிட்டு, அவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கோளாறு வண்டியில் என்றால் அவள் அந்த ஜன்னலிலேயே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. உள்ளே வந்து, காலியாக இருந்த பக்கத்து இருக்கையிலிருந்து சொன்னாள். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் என் வலது காதோடு வந்தாள்.

வலது காதை விரலால் அடைத்தேன். இடது காதில் "ஈப்பு, ஓப்பு, ஏலை, எருப்பு" என்றது என் குரல்.

அம்மாவிடம் பேசும்போது போனை இடது காதில் வைப்பதை எப்போது விட்டேன்? நினைவில்லை.

என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "காதா?" என்றார் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லாத. நான் நடுவுலன்னு சொல்றேன், நீ ஓகே குடுத்துட்டுப் போய்க்கினே இரு."

"எல்லா வண்டிக்கும் வந்து உக்காருவீங்களா?"

"உக்காருறேன். ஏசி கீது, சீட்டு கீது, எனக்கின்னா?"

சிரிப்பு வரவில்லை. அடுத்த வண்டியிலும் ஒரு குரல் இப்படிக் கிழிந்தால், கிழிந்திருப்பது அதுவா நானா என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசருக்கு போன் செய்தேன்.

"சார், கிராஸ்ஓவர் சரியா இருக்கு. கேட்டு ஒப்புதல் தர வேற ஆளை அனுப்புங்க. நான் காது டாக்டரைப் பார்க்கணும்."

அவர், "பக்கத்துல யாரும்மா பேசறது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்று சொல்லி, பதிவை நிறுத்தினேன்.