பட்டர்கப் தரைதட்டிய மதியம்

லோர்னாவின் வீடு தண்ணீரில் மிதக்கிறது. ஏழடிதான் அகலம், உள்ளே ஒருவர் நடந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். வாழ்க்கையில் பாதியை நகரப் பேருந்து ஓட்டிக் கழித்தவர், ஓய்வு பெற்ற கையோடு இந்த ஒடுக்கமான கால்வாய்ப் படகை வாங்கி, 'பட்டர்கப்' என்று மஞ்சளில் பெயர் எழுதினார்.

கட்டிவைக்கச் சொந்தத் துறை இல்லாத படகு இரண்டு வாரத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்பது இங்கிலாந்துக் கால்வாய்களின் விதி. ஒரே தடத்தில் ஓடி அலுத்துப்போன லோர்னாவுக்கு அந்த விதி தேனாக இனித்தது. ஆனால் இப்போது வலது தோளில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். கோடை முழுக்கச் சுக்கான் பிடிக்க முடியாது. படகை நகர்த்த ஆளில்லை என்றால், விற்றுவிட்டு மகள் வீட்டு மாடியறைக்குப் போக வேண்டியதுதான்.

"நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றாள் பெர்னிஸ். அவளும் கணவன் கிளைவும் பணிமனைக் காலத்து நண்பர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம், கோடையில் அவர்கள் படகை ஓட்டுவதற்கான ஒத்திகை. வெயில் என்றால் வெயில், இங்கிலாந்தில் எப்போதோ வாய்க்கிற வெயில். கிளைவின் வழுக்கை காலையிலேயே சிவந்துவிட்டது.

சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். கிளைவுக்கு அது பிடிபடவில்லை. வில்லோ மரக்கிளைக்குள் நேராகப் போய்ச் செருகினார்.

"யோவ், பஸ்ஸுன்னு நினைச்சியா?" என்று லோர்னா கத்தினார்.

பெர்னிஸ் தலையில் விழுந்த இலைகளைப் பொறுக்கினாள். "கல்யாணமானதுலேர்ந்து எது சொன்னாலும் எதிர்ப்பக்கம்தான் போவாரு. அது வேண்டியிருக்கிற ஒரே இடத்துல மட்டும் வர மாட்டேங்குது, பாரு!"

மேட்டுக் கால்வாய்க்குப் படகை ஏற்றும் கல்தொட்டிக்கு லாக் என்று பெயர். உள்ளே நுழைந்து கீழ்க்கதவை மூடி, மேல்மதகைத் திறந்தால் தண்ணீர் நிரம்பிப் படகு தானாக உயரும். வெளியேறியதும் மதகை இறக்கி மூடிவிட வேண்டும். மதகை மூடக் கிளைவ் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்ததுமே லோர்னா அதைப் பிடுங்கினார்.

"இங்க குடு. நீ மூடி முடிக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும்."

"தோளு?"

"தோளுக்கு ஒண்ணுமில்ல."

மதகு பாதி இறங்கியபோது லோர்னாவின் தோளில் ஊசி இறங்கியது போல் வலித்தது. மூடியது போதும் என்று அவரே சொல்லிக்கொண்டு, கையைச் சட்டைப் பையில் விட்டபடி திரும்பிவிட்டார்.

இரண்டு லாக்குகளுக்கு நடுவே படகைக் கட்டிவைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்றி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும் சீஸும் தேநீரும் இருந்தன. கிளைவ் கை எட்டுவதற்குள் ஊறுகாய்ப் புட்டி மேசையில் தானாக நகர்ந்து அவர் மடியில் விழுந்தது. படகு சாய்ந்திருந்தது! வெளியே, சற்று முன்பு நீந்திய வாத்துகள் சேற்றில் நடந்துகொண்டிருந்தன. பாதி திறந்து கிடந்த மதகு வழியாக, அவர்கள் கடந்து வந்த லாக்குக்குள் போன தண்ணீர், பழைய கீழ்க்கதவின் இடுக்குகளில் ஒழுகி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் கத்தினார். "எந்தப் புண்ணியவான்யா மதகை மூடாம வந்தது?"

"நான்தாங்க. புதுசு, மன்னிச்சிருங்க" என்று கிளைவ் கையைத் தூக்கினார். கைப்பிடியை முதலில் தான் தப்பாகச் சுற்றியதுதான் காரணம் என்றே நம்பினார்.

லோர்னா சும்மா இருந்திருக்கலாம். கிளைவின் சிவந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"அவரில்ல, நான். கை வரல. பாதியில விட்டுட்டேன்."

"எத்தனை நாளா இவ்ளோ மோசம்?" என்று பெர்னிஸ் கேட்டாள்.

"ஈஸ்டர்லேர்ந்து."

"அடிப்பாவி! தனியா ஓட்டிட்டு வேற இருந்திருக்க. உக்காருடி அங்க!"

பெர்னிஸ் கீழ்லாக்குக்கு ஓடி மதகை அதன் பற்சட்டத்தின் கடைசிப் பல் வரை இறக்கினாள். குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள். கிளைவ் மேல்லாக்கின் மதகுகளைக் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரைக் கீழே விட்டார். லோர்னா கரையில் உட்கார்ந்து, வாயிலிருந்த கட்டளைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். மெல்லத் தண்ணீர் ஏறியது. பட்டர்கப் முனகி நிமிர்ந்தது.

"அடுத்த லாக்கை நீங்களே பாருங்க. நான் பாத்திரம் கழுவுறேன்" என்றார் லோர்னா.

படகு ஓடும்போது அவர் உள்ளே இருந்ததே இல்லை. சின்ன ஜன்னலில் கல்சுவர் ஈரமாக இறங்கிக்கொண்டே போனது. தலைக்கு மேல் இருவரும் யார் கயிற்றைப் பிடிப்பது என்று சண்டை போட்டார்கள். படகு சுவரில் ஒரு முட்டு முட்டியது, தட்டுகள் குலுங்கின. லோர்னா வாயைத் திறந்தார், மூடினார், இடது கையால் அடுத்த கோப்பையை எடுத்தார்.