உட்கார்ந்து பார்க்கிறவர்

கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் ஹேண்டிலில் வைத்து, அந்தச் சிவப்பு வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. அதன் சாவி சொந்தக்காரரின் சட்டைப் பையில், ஏதோ ஒரு ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இவர் முகத்தில் காற்று அடிக்கிறது. இடுப்பை முன்னால் நகர்த்துகிறார், முழங்கால்களால் டேங்கை அணைக்கிறார், வலப்பக்கம் லேசாகச் சாய்கிறார். எங்கோ ஒரு வளைவு வந்திருக்க வேண்டும். வளைவு தாண்டியதும் நிமிர்கிறார், கண்ணைத் திறக்கிறார், இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் செருகுகிறார். அப்புறம் அடுத்த வண்டி.

ரயில் நிலையத்துக்கு அடியில் இருக்கிறது அந்த வண்டி நிறுத்தும் ஸ்டாண்டு. காலையில் வருகிறவர்கள் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வண்டியைப் போட்டது போட்டபடி படியேறி ஓடுவார்கள். "ஹேண்டில் லாக் மட்டும் போடாதீங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அங்கே வேலை பார்க்கும் இவர் அவர்களின் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். மற்றது என்றால், கைப்பிடியும் கைப்பிடியும் உரசாமல் வண்டிகளை அடுக்குவது. தள்ளியே அடுக்கிவிடலாம். இவருக்கு மட்டும் தள்ளுவதற்கு முன் ஒரு முறை ஏறி உட்கார்ந்தாக வேண்டும். அதனால் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் பைலட். வெளியே போகும் சரிவின் நடுவில், கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து டோக்கன் வாங்கும் அக்கா வைத்த பெயர் அது. "தரையை விட்டுக் கிளம்பாமலே உலகம் சுத்தின ஆளு இவரு ஒருத்தர்தான்" என்று புதிதாக வருகிறவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பார்.

உள்ளே பகலிலும் விளக்கு எரியும். தலைக்கு மேல் ரயில் போகும்போது தூண்கள் முனகும். வரிசையாக நிற்கும் வண்டிகளின் கண்ணாடிகள் எல்லாம் ஒன்றாக நடுங்கும். ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் ஒரு விளக்கு ஆடும். குளத்தில் யாரோ கல் எறிந்ததுபோல அது அடங்கச் சிறிது நேரம் ஆகும். அந்த நேரத்தில் பைலட்டிடம் பேசிப் பயனில்லை. அவர் வேறு ஊரில் இருப்பார்.

எந்த வண்டியில் உட்கார்ந்தால் எந்த ஊர் என்பதும் ஏறக்குறைய தீர்மானமாகிவிட்டது. கல்லூரி மாணவன் ஒருவனின் வண்டியில் ஹேண்டில் கீழே இருக்கும், கால் வைக்கும் இடம் பின்னால் இருக்கும். ஏறினால் டேங்கின் மேல் குப்புறப் படுக்க வேண்டும். அதில் அவருக்குக் கிடைப்பது கடலோரச் சாலை. "ஏறும்போது பேரன், இறங்கும்போது தாத்தா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்குவார். மருந்துக் கம்பெனிக்காரரின் வண்டி நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்த்தி வைக்கும். "இது வண்டியில்ல, ஆபீஸு. முன்னாடி ஒரு ஃபைல வெச்சா கையெழுத்தே போட்டுடலாம்." அதில் போகும் சாலை எப்போதும் மரங்கள் இல்லாத நேர்சாலை.

கால்களை முன்னால் நீட்டிச் சாய்ந்து ஓட்டும் நீள வண்டி ஒன்றும் வருகிறது. அதன் சொந்தக்காரர் குட்டையானவர். சாய்ந்தால் கை எட்டாது. கை எட்ட வேண்டுமென்றால் நுனிக்கு வர வேண்டும். சீட்டின் நுனி தேய்ந்து பளபளக்கிறது, பின்பாதி கடையில் வாங்கிய அன்றிருந்தபடி இருக்கிறது. "பாவம், பாதி வண்டியத்தான் ஓட்டறாரு. மீதிய சும்மா சுமக்கறாரு" என்று அந்தப் பின்பாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கொடுப்பார் பைலட், யாருக்கோ உதவி செய்வதுபோல.

இப்படியே போய்க்கொண்டிருந்த மனிதருக்கு இந்த மாதம் ஒரு கவலை வந்தது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டு வேலையிலிருந்து, நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலைக்கு மாற்றக் கேட்டுப் பல வருடங்கள் ஆயிற்று. இப்போது கிடைத்திருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை சொந்த வண்டியோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போக வேண்டிய வீடுகள் கல்குவாரிக்கு மேலே, குண்டும் குழியுமான மண் ஏற்றத்தில். சின்னச் சக்கர ஸ்கூட்டர் அங்கே மூச்சுவிடாது, மோட்டார் சைக்கிள்தான் சரி. மனைவி ஆஸ்பத்திரி மைதானத்தில் பழகி லைசென்சும் வாங்கிவிட்டார். குறை ஒன்றுதான். பைலட் நெடுநெடுவென்று வளர்ந்தவர். மனைவியின் தலை அவருடைய சட்டைப் பையோடு நின்றுவிடும். அந்த உயரத்துக்குக் கால் எட்டுகிற வண்டி வேண்டும்.

ஆகவே பைலட் மனைவியாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

மனைவியாக உட்காருவது லேசான காரியமில்லை. தோள்களைக் குறுக்க வேண்டும். முதுகை வளைத்துத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் கையின் நீளத்தைக் குறைக்க வேண்டும். தன் கெண்டைக்காலின் பாதியிலேயே மனைவியின் பாதம் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, காலை அந்த அளவுக்கு மடக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு கண்ணை மூட வேண்டும். கல்குவாரிச் சாலை வரும், லேசாக மழை தூறும். மற்றவர்களின் வண்டியில் போகும்போது அவர் எங்கேயும் நிற்பதில்லை. கனவில் எதற்கு நிறுத்தம்? மனைவியாக ஏறினால் மட்டும் வழியெல்லாம் நிறுத்தம். ஆடு குறுக்கே வரும், லாரி வழிமறிக்கும். வண்டி நிற்கும், கால் தரையைத் தேடும், தரை இருக்காது. பதறிக் கண்ணைத் திறப்பார்.

கடைசியில் ஒரு வண்டியில் அவர் சாயவில்லை. ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் பேக்கரிக்காரர் விற்கப்போகும் கறுப்பு வண்டி. தாழ்வானது, தடித்த மெத்தைபோல் சீட்டு உள்ளது. அதையே எடுத்துக்கொள்வதாகப் பேக்கரிக்காரரிடம் முக்கால்வாசி சொல்லியும்விட்டார். நில அளவைக்காரர் ஒருவரும் மாற்றலாகிப் போவதால் தன் வண்டியை விற்க வேண்டுமென்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது கொக்கு மாதிரி உயரமாக நிற்கும் வண்டி. பைலட் அதில் மனைவியாக ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் டியூட்டி முடிந்து, ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி மனைவி சரிவில் இறங்கி வந்தார். கறுப்பு வண்டியின் மேல் கண்ணை மூடிக் குறுகிக் கிடந்த கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வயித்து வலியாங்க?"

பைலட் கண்ணைத் திறந்தார். "இல்ல. நீ."

"நானா?"

"நீயா உக்காந்து பாக்கறேன்."

மனைவி சுற்றி வந்து ஒரு பக்கமாகவும் பார்த்தார். "நான் இப்படித்தான் இருக்கேனா? இவ்வளவு கூனா? கையெல்லாம் எங்க போச்சு எனக்கு?"

கூண்டுக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்து, பத்து நாளாக உன் வீட்டுக்காரர் உன்னை மடித்து மடித்துப் பையில் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று தன் பங்குக்குச் சொன்னார். பைலட் இறங்கி வழிவிட்டார்.

மனைவி கறுப்பு வண்டியில் ஏறினார். பைலட் குனிந்து தரையைப் பார்த்தார். கால்விரல்கள் எட்டின, ஆனால் விரல்கள் மட்டும்தான். சீட்டின் அகலத்துக்குத் தொடைகள் விரிந்து போயின. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியபோது மறுகை போதாமல் உடம்பே அதன் பின்னால் இழுபட்டது. சொல்லிவிடுவாரோ என்று பைலட் பார்த்தார். சொல்லிவிட்டார்.

"உயரம் கம்மிதாங்க. ஆனா அகலம். கால் கீழ போறதுக்கு முன்னாடியே வெளிய போயிடுது. சோபா மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

இறங்கி, வரிசையைக் கண்ணால் அளந்துகொண்டே நடந்தார். நில அளவைக்காரரின் வண்டியிடம் நின்றார். அதன் சீட்டு முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாவி எங்கே என்று கேட்டார்.

அது வேண்டாம் என்றார் பைலட். அது தனக்கே உயரம் என்று ஒரு பொய்யும் சொன்னார். மேலே ஒரு ரயில் வந்து, கண்ணாடிகள் எல்லாம் நடுங்கத் தொடங்கின.  அடங்கியதும், திங்கட்கிழமை என்று மட்டும் சொன்னார் மனைவி. பைலட் சாவியைக் கொடுத்தார்.

எல்லோரும் கவிழ்கிற இடம் சரிவின் நடு. டோக்கன் கொடுப்பதற்காக அங்கே நிறுத்தியாக வேண்டும். கால் எட்டாதவர்கள் வண்டியோடு சாய்வதைப் பைலட் எத்தனையோ முறை ஓடிப் போய்த் தாங்கியிருக்கிறார். இன்றும் தாங்குவதற்குத் தோதாக முன்கூட்டியே போய்க் கூண்டின் பக்கத்தில் கைகளை நீட்டியபடி நின்றுகொண்டார். மனைவி ஹெல்மெட்டை மாட்டி, சாய்ந்து நின்ற வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, நிதானமாக மேலே வந்தார்.

கூண்டருகில் வண்டி நின்றது. பைலட்டின் கைகள் முன்னால் போயின.

மனைவி இடுப்பை சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தினார். இடது கால் நேராக இறங்கிக் குதிகாலோடு தரையில் பதிந்தது. வலது கால் பிரேக்கை மிதித்தபடி மேலேயே இருந்தது. வண்டி அசையவில்லை. கீழே உருளவும் இல்லை.

"இன்னொரு கால்?" என்றார் பைலட்.

"அது பிரேக்குல இருக்கு. ஏத்தத்துல அத எடுத்தா பின்னாடி போயிட மாட்டேனா?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் குகையிலிருந்து வருவதுபோல வந்தது. "வார்டுல ஆளத் தூக்கி உக்கார வெக்கறப்போ ரெண்டு காலையும் ஒட்டியா நிப்பாங்க? ஒரு பக்கம் இடுப்பக் கொடுத்தாதான் வெயிட் நிக்கும்."

அக்கா கையை நீட்டி டோக்கன் கேட்டார். பழக்கதோஷம். மனைவி சிரித்துக்கொண்டே கிளட்சை விட, வண்டி முனகாமல் மேலே ஏறி, வாசல் வெயிலில் போய் நின்றது. பைலட்டின் கைகள் இன்னும் நீண்டே இருந்தன. "மடக்குங்க பைலட்டு, ஃப்ளைட்டு கிளம்பிடுச்சு" என்றார் அக்கா.

பைலட் சரிவில் நடந்து மேலே போனார். கறுப்பு வண்டி வேண்டாமென்று பேக்கரிக்காரரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அது பிறகு ஆகட்டும், முதலில் ஏறுங்கள், குவாரிவரை போய் வரலாம் என்றார் மனைவி. பின்னால் மருந்துப் பெட்டி வரும். வெயிட்டோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"நான் மருந்துப் பெட்டியா?"

"அது கொஞ்சம் சின்னது."

இத்தனை வருடங்களில் எத்தனையோ வண்டிகளில் ஏறியவர் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். பிடிக்க ஹேண்டில் இல்லை. கைகளை முதலில் தன் தொடைமேல் வைத்தார், பிறகு பின்னால் இருந்த கம்பியைத் தேடிப் பிடித்தார். கால்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தண்ணீரில் இறங்கத் தயங்குகிறவர் மாதிரி இரண்டையும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி திரும்பவில்லை. வண்டியை நியூட்ரலில் விட்டு, சாலையைப் பார்த்தபடியே இடது கையைப் பின்னால் இறக்கி, மடங்கிக் கிடந்த ஃபுட்ரெஸ்டைத் தட்டித் திறந்தார். பிறகு, ஊசி போட ஒருவரின் கையைத் திருப்பி வைக்கிற பக்குவத்தோடு அவருடைய கணுக்காலைப் பிடித்து அதன் மேல் எடுத்து வைத்தார்.