வளைகாப்புப் படமும் சாமை மூட்டையும்

நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்துக்கு வார இதழ்கள் வந்து சேரும் நாளில், வாசகர்கள் வருவதற்கு முன்பே அவற்றை ஒருமுறை புரட்டிவிடுவது என் வழக்கம். முத்திரை குத்துவதற்காகப் பிரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாலும், படிப்பதற்காகத்தான் பிரிப்பேன். அப்படிப் பல வருடங்கள் படித்ததில், கடுமையான உடற்பயிற்சியைப் பற்றி நம் இதழ்களிடம் இரண்டே கதைகள்தான் இருக்கின்றன என்பது எனக்குப் புலப்பட்டிருந்தது. ஒன்று அச்சுறுத்தும் கதை: எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், மூட்டு தேய்ந்துவிடும், பெண்மையே போய்விடும். மற்றொன்று அதிசயக் கதை: பருமனாக இருந்தவர் மெலிந்தார், கணவரே வியந்தார். ஒரே இதழில் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் வரும். இரண்டுக்கும் ஒரே படத்தைப் போட்டிருந்ததையும் கண்டிருக்கிறேன்.

அந்தப் படங்களில் வரும் பெண்கள் தடித்த கயிற்றை உலுக்குவார்கள். லாரி டயரைப் புரட்டுவார்கள். அவர்களுடைய வியர்வைகூடப் பன்னீர் தெளித்தாற்போல அளவாகத்தான் இருக்கும். அவ்வளவு பலத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவர்கள் எதைத் தூக்கப் போகிறார்கள் என்று எந்தக் கட்டுரையும் கேட்டதில்லை.

இவற்றையெல்லாம் படித்த பிறகும் நான் போய்ச் சேர்ந்தேன். புத்தகக் கட்டுகளை இறக்கி ஏற்றி என் இடுப்பு ஓய்ந்திருந்தது. தியாகதுருகம் சாலையில், முன்பு நெல் மண்டியாக இருந்த தகரக் கொட்டகையில், பெண்களுக்கென்று காலையில் ஒரு வகுப்பு நடந்தது. எலவனாசூர்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு பெண் அதை நடத்தினாள். கல்லூரி நாளில் கபடி ஆடியவள். எங்களைவிட வயதில் சிறியவள் என்றாலும் அவளை நாங்கள் மாஸ்டர் என்றே அழைத்தோம். உட்கார்வது, எழுவது, தரையில் கிடப்பதை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவது, தூக்கியதைச் சுமந்து நடப்பது என்று அன்றாடம் உடம்பு செய்யும் வேலைகளையே அவள் கடினமாக்கிக் கற்பித்தாள். யூரியா சாக்குகளில் ஆற்று மணலை நிரப்பித் தைத்து வைத்திருந்தாள். இருவர் இருவராகப் பிரித்து விடுவாள். எனக்கு வாய்த்த ஜோடி, கல்வராயன் மலையில் பிறந்து எங்கள் கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள்.

அவள் வந்த காரணத்தை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். முந்தைய ஆண்டு அவளுடைய அப்பா இறந்துபோனார். மலையில் அம்மா மட்டும் இருந்தாள். சரிவில் சாமை விளையும் ஒரு கொல்லை இருந்தது. அறுப்புக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் அவரவர் களம் இருப்பதால் கூலிக்கு ஆள் கிடைக்காது. களத்திலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை மூட்டைகளைத் தோளில்தான் இறக்க வேண்டும். இத்தனை நாள் அப்பா இறக்கினார்.

“எங்க சித்தப்பா சொல்லிட்டாரு, மூட்டைய எறக்க ஆளில்லாத வூட்டுக்குக் கொல்ல எதுக்கு, நானே பாத்துக்கறேன்னு,” என்றாள். “ஒரு வாட்டி குடுத்தா அப்புறம் நமக்கு வராதுக்கா. இந்த வருசம் நான் எறக்கிக் காட்டணும்.”

இதைவிடத் தெளிவான நோக்கத்தோடு அந்தக் கொட்டகைக்குள் யாரும் நுழைந்ததில்லை. தோளில் மணல் சாக்கு ஏறிய நாளில் எல்லாரும் கைதட்டினோம்; அவள் சிரிக்கவில்லை. “மலையில எறக்கம்க்கா, இங்க சமதளம்,” என்று சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஏரிக்கரைச் சரிவுக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். வேறு வழியில்லாமல் நானும் பின்னால் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு மகளிர் இதழின் நிருபரும் புகைப்படக்காரரும் வந்தார்கள். சிறு நகரத்துப் பெண்களின் உடற்பயிற்சி என்பது அவர்களுடைய கட்டுரை. மணல் சாக்கில் உரத்தின் பெயர் அச்சாகியிருந்ததால் படத்துக்கு ஆகாது என்று அவற்றை ஓரத்துக்கு இழுத்துப் போடச் சொன்னார்கள். மூலையில் ஒரு டிராக்டர் டயர் கிடந்தது. நாங்கள் உட்கார்ந்து ஷூ மாட்டுவதற்கும் தண்ணீர் பாட்டில் வைப்பதற்கும்தான் அது பயன்பட்டு வந்தது. அதைப் புரட்டச் சொன்னார்கள். என் ஜோடி புரட்டினாள். துப்பட்டாவை எடுத்துவிட முடியுமா என்று புகைப்படக்காரர் கேட்டார். “முடியாது சார்,” என்று மாஸ்டர் பதில் சொன்னாள்.

நிருபர் நல்ல பெண், பொறுமையாகத்தான் கேட்டாள். என் ஜோடி அவளிடம் சாமைக் கொல்லையைப் பற்றிச் சொன்னாள். சரிவைப் பற்றிச் சொன்னாள். சித்தப்பாவைப் பற்றியும் சொன்னாள். நிருபர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, “சூப்பர்க்கா. மொத்தம் எவ்ளோ வெயிட் குறைஞ்சீங்க?” என்றாள்.

“கொறையலியே. ரெண்டு கிலோ ஏறிக்கிது.”

நிருபர் பேனாவை நிறுத்தி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர், “அது தசை மேடம்,” என்றாள். அது எழுதப்படவில்லை.

கிளம்பும்போது நிருபர் ஒரு பழைய படம் கேட்டாள். தலையிலிருந்து கால்வரை தெரிய வேண்டும். தனியாக நிற்க வேண்டும். என் ஜோடி அன்றிரவே வீட்டில் தேடியிருக்கிறாள். கல்யாணப் படங்களில் பக்கத்தில் கணவன் இருந்தான். மற்றவற்றில் இடுப்பில் பிள்ளை இருந்தது, அல்லது யாருடைய தோளுக்குப் பின்னாலோ அவளுடைய பாதி முகம் இருந்தது. தனியாக, முழுதாக அவளை நிறுத்தி எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. ஏழாம் மாதத்தில், வளைகாப்பன்று, ஸ்டுடியோக்காரர் எடுத்தது. கேட்டார்களே என்று அதை அனுப்பிவிட்டாள்.

இதழ் வந்த அன்று வழக்கம்போல் நூலகத்தில் பிரித்தேன். நடுப்பக்கத்தில் இரண்டு படங்கள் இருந்தன. வலப்பக்கம் டயரோடு ‘இன்று’. இடப்பக்கம் ‘அன்று’. முழங்கைவரை அடுக்கிய கண்ணாடி வளையல்கள் தெரியாதபடி இரு கைகளையும் வெட்டியிருந்தார்கள். மாலையையும் வெட்டியிருந்தார்கள். வயிற்றை மட்டும் விட்டிருந்தார்கள். அதன் கீழே ‘கொழுப்பு சூழ்ந்த உடல்’ என்றும், தலைப்பில் முப்பது கிலோ கரைந்த கதை என்றும் போட்டிருந்தது. சாமை என்ற சொல் கட்டுரையில் ஓரிடத்தில் வந்தது. அது உணவுக் குறிப்பில், சாமைக் கஞ்சி குடித்தால் இளைக்கலாம் என்பதாக.

அதன் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. அறுப்புக்கு அதிக நாள் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஒரு மாலை, இதழைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய கணவன் லோடு ஆட்டோ ஓட்டுபவன். வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“வாங்கக்கா. இன்னா, ஆளையே காணோமேன்னு வந்தீங்களா?” என்றான். “அதான் முப்பது கிலோ எளைச்சிட்டான்னு பொஸ்தகத்துலயே போட்டுட்டாங்களே. ஸ்டாண்டுல எல்லாரும் போன்ல காட்டறானுங்க. வேல முடிஞ்சிது இல்ல, இன்னும் எதுக்குப் போவணும்? இதுக்கு மேல எளைச்சா நான் தேடிக்கினு இல்ல இருக்கணும்?”

“நான் எளைக்கறதுக்குப் போவலன்னு எத்தினி வாட்டி சொல்றது?” உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“நீ சொல்ற. பொஸ்தகம் வேற சொல்லுது. எதை நம்பறது?”

அவன் விளையாட்டாகப் பேசுவதுபோல் பேசினான். ஆனால் முடிவு செய்துவிட்டுப் பேசினான் என்பது தெரிந்தது. நான் பையிலிருந்து இதழை எடுக்கையில், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அவனுடைய அம்மா கையை நீட்டினார்.

“லைபரரிம்மா, அந்த பொஸ்தகத்த இப்டி குடுங்க. இவன் போன்ல காட்டனான், ஒண்ணும் தெரில.”

நடுப்பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் அதைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இது நம்ம வளைகாப்பு போட்டோல்ல? இந்தப் பொடவ நான் எடுத்தது. கை ரெண்டும் எங்க? கீழ இன்னா எழுதிக்கிறான்?”

நான் தயங்கினேன், பிறகு உள்ளதை உள்ளபடியே படித்தேன்.

“கொழுப்பா?” என்றார். முறத்தைக் கீழே வைத்தார். “உள்ள என் பேரன் இருக்கான். அவனப் போயி கொழுப்புன்னா எழுதிக்கிறான்?”

மகன் தண்ணீர்க் குழாயை மூடினான்.

“பாருடா, இந்தப் பொஸ்தகக்காரனுக்கு ஒண்ணுந் தெரியாது. இவ அன்னிக்கும் இப்டித்தான் இருந்தா, இன்னிக்கும் இப்டித்தான் இருக்கறா. ஒரு சுத்துகூட எளைக்கல.”

“அத்தே,” என்று அவள் கதவருகே வந்து நின்றாள். அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“இன்னா அத்தே? நெசந்தான? எளைச்சிட்டா நிறுத்தணும்னு சொல்றான். எளைக்கல. அப்ப போவட்டும்.”

“எம்மா, நீ யாரு கட்சி?” என்றான் மகன்.

“என் பேரன் கட்சி. நீ வண்டியக் கழுவு.”

மறுநாள் காலையில் அவள் கொட்டகைக்கு வந்தாள். மாஸ்டர் இரண்டு சாக்குகளை ஏரிக்கரையில் கொண்டுபோய் வைத்திருந்தாள். மிச்சமிருந்த நாட்களில் நாங்கள் இறக்கத்தில் மட்டுமே நடந்தோம்.

அறுப்பு முடிந்து தூற்றி மூட்டை கட்டிய அன்று நானும் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறிய லோடு ஆட்டோவின் முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு மூவரும் போனோம். பாதை முடியும் இடத்தில் அவள் கணவன் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். அங்கிருந்து நானும் அவளும் ஏறினோம். களத்து ஓரத்தில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, பொஸ்தகத்துல எல்லாம் வந்துக்கிறியாமே. எளைச்ச ஒடம்பு மூட்ட தாங்குமா?”

“எளைக்கல சித்தப்பா,” என்றாள்.

அவள் குனியவில்லை, உட்கார்ந்தாள். மூட்டையை மடிக்கு இழுத்து, நெஞ்சோடு அணைத்து எழுந்து, ஒரே உந்தலில் தோளுக்கு ஏற்றினாள். அந்த மூச்சின் ஒலியை நான் அறிவேன். எத்தனையோ காலைகளில் என் பக்கத்தில் கேட்டது அது. அரை மூட்டை ஒன்றை நான் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். சரிவில் அவள் குதிகாலை அழுத்தி, குறுகிய அடிகளாக வைத்து இறங்கினாள். பாதி வழியில் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து நின்றாளே தவிர, மூட்டையை இறக்கவில்லை. கீழே அவள் கணவன் எதிரே ஓடிவந்து கை நீட்டினான். “வண்டிய புடி, நான் போட்டுக்கறேன்,” என்றாள். அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனும் எங்களோடு மேலே ஏறினான்.

கடைசி மூட்டைக்காக நாங்கள் ஏறிப் போனபோது சித்தப்பா தம் களத்துக்குத் திரும்பியிருந்தார். அவளுடைய அம்மா அந்த மூட்டையின் வாயைத் தைக்காமல் வைத்திருந்தாள். எங்கள் முன்னிலையில் அதிலிருந்து விதைக்கென்று சாமையை அள்ளி, துணியில் முடிந்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அதன் பிறகே ஊசியை எடுத்தாள்.

மூட்டை தைக்கப்படும்வரை என் ஜோடி கைகளை உதறிக்கொண்டு நின்றாள். கொல்லைக்கு மேலே, அப்பா போனதிலிருந்து புதர் மண்டிக் கிடந்த இன்னொரு துண்டு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருசம் அதையும் போட்றணும்க்கா,” என்றாள். “அங்கேந்து எறக்கறது இத்தவிட தூரம். திங்கக்கெழமையே மாஸ்டர்கிட்ட சொல்லிடணும்.”